ஷுன்சி ‘போலி’ என்று சொல்லவில்லை: பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

தத்துவப் பாடத்திட்டக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

இளங்கலைத் தத்துவம் இரண்டாம் ஆண்டு ‘கீழை மெய்யியல்’ தாளில், பண்டைய சீனர்கள் மனித இயல்பைப் பற்றிச் சொன்னவற்றுக்கு இதுவரை 12 மணி நேர வகுப்பு இருந்தது. வரும் கல்வியாண்டிலிருந்து அது 2 மணி நேரம் என்று உங்கள் சுற்றறிக்கை சொல்கிறது. காரணமாக ஒரே வரி: இந்தப் பகுதியை இரண்டு கருத்துகளில் அடக்கிவிடலாம். அந்த இரண்டும் எவை என்று தேட வேண்டியதில்லை. பண்டைய சீனத் தத்துவ அறிஞர்கள் இருவரைப் பற்றிப் பாடநூலிலேயே கட்டம் கட்டி அச்சிட்டிருக்கிறது. ‘மனித இயல்பு நல்லது என்றார் மென்சியஸ். மனித இயல்பு தீயது, நற்குணம் வெறும் போலி என்றார் ஷுன்சி.’

முதல் வரி பாதிதான் சரி. இரண்டாம் வரி தவறு. நேரத்தைக் குறைத்ததில் எனக்கு வருத்தம் உண்டு. தவறான வரியை மட்டும் மிச்சம் வைத்துவிட்டு, அதைத் திருத்திச் சொல்ல எங்களுக்கு இருந்த நேரத்தை வெட்டியதுதான் இந்த மடலை எழுத வைத்தது.

தவறு ‘போலி’ என்ற சொல்லில் இருக்கிறது. ஷுன்சியின் பெயரில் நமக்குக் கிடைத்திருக்கும் நூலில் 32 இயல்கள். 23ஆம் இயலின் முதல் வாக்கியத்தில்தான் அவர், மனிதரின் இயல்பு கெட்டது, அவர்களிடம் காணும் நன்மை ‘வெய்’ என்கிறார். வெய் என்ற சீன எழுத்தின் இடப்பக்கம் மனிதரைக் குறிக்கும் குறி. வலப்பக்கம் ‘செய்’ என்று பொருள்படும் எழுத்து. மனிதர் செய்தது, அவ்வளவுதான். இன்றைய சீனத்தில் இந்தச் சொல்லைக் கேட்டால் பொய், போலி என்ற பொருள்தான் முதலில் நினைவுக்கு வரும். கள்ள நோட்டுக்கும் இதே சொல்லை ஒட்டிச் சொல்வார்கள். ஆனால் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் எழுதிய ஷுன்சி எந்தப் பொருளில் இதை எடுத்தாண்டார் என்று நாம் ஊகிக்க வேண்டியதில்லை. அதே இயலில் அவரே வரையறுத்துவிடுகிறார். கற்றுக்கொள்ளவோ முயன்று ஆக்கவோ முடியாதபடி மனிதரிடம் இருப்பது இயல்பு. கற்றால் கைவருவதும் முயன்றால் முடிவதும் வெய்.

இதற்குத் தமிழில் சொல் தேடி அலைய வேண்டுமா? இயற்கை, செயற்கை என்ற இணை நம் வீட்டிலேயே இருக்கிறதே. இயல்வது இயற்கை, செய்வது செயற்கை. ஷுன்சியின் இணையும் அணுப் பிசகாமல் இதுதான். இன்னொரு வேடிக்கை: வெய் என்ற சொல்லுக்கு நேர்ந்த கதி ‘செயற்கை’க்கும் நேர்ந்திருக்கிறது. செயற்கையாகச் சிரித்தார் என்றால் பொய்யாகச் சிரித்தார் என்றுதான் புரிந்துகொள்கிறோம். இரண்டு மொழிகளும் தனித்தனியே ஒரே பள்ளத்தில் சரிந்திருக்கின்றன. வகுப்பில் இதைச் சொல்லிவிட்டு ஒரு கேள்வி கேட்பேன்: செயற்கைக் கால் பொருத்திக்கொண்டு நடப்பவரின் நடை போலி நடையா? பின்வரிசையில் தூங்கிக்கொண்டிருப்பவரும் தலையைத் தூக்கி, இல்லை என்பார். ஷுன்சி பாதி புரிந்துவிட்டது.

‘தீயது’ என்ற சொல்லும் என்னை உறுத்துகிறது. தீயவன் என்றவுடன் தமிழில் நமக்குக் கண் முன்னே வருவது வஞ்சகமும் கொடூரமும். ஷுன்சி பேசுவது அதைவிடச் சாதாரணமான, அதனாலேயே கூடுதலாக உறைக்கிற ஒன்றை. பிறக்கும்போதே நமக்கு ஆதாயத்தில் ஆசை இருக்கிறது, பொறாமை இருக்கிறது, கண்ணும் காதும் கேட்பவை இருக்கின்றன. அவற்றை அவற்றின் போக்கில் விட்டால் சண்டையும் சீர்குலைவும் வரும். அந்தச் சீர்குலைவைத்தான் அவர் கெட்டது என்கிறார். அவர் தரும் எடுத்துக்காட்டைப் பாருங்கள்: சொத்தைப் பங்கு போட வேண்டிய அண்ணன் தம்பிகள். இயல்பின் போக்கில் விட்டால் ஒருவரிடமிருந்து ஒருவர் பிடுங்குவார்கள். முறைமையும் நியாயமும் பழகியிருந்தால் முன்பின் அறியாதவருக்குக்கூட விட்டுக்கொடுப்பார்கள். பாகப்பிரிவினையில் பேச்சுவார்த்தை அறுந்துபோகாத குடும்பம் நம் ஊரில் எத்தனை? இந்த ஒரு பத்தியைப் படித்தால் ஷுன்சி யாரைப் பற்றிப் பேசுகிறார் என்று எந்த மாணவருக்கும் தெரிந்துவிடும்.

அவருடைய உவமைகளிலும் பேயோ அரக்கனோ வருவதில்லை. கோணலான மரம் வருகிறது. ஆவியில் காட்டி, சட்டத்தில் இறுக்கினால் அது நேராகும். மழுங்கிய உலோகம் வருகிறது. தீட்டினால் கூராகும். கோணல் என்பதும் மழுங்கல் என்பதும் மரத்தின் மீதோ இரும்பின் மீதோ சுமத்திய குற்றச்சாட்டு ஆகாது. வேலை இன்னும் தொடங்கவில்லை என்ற தகவல். இதே இயலின் பிற்பகுதியில், தெருவில் போகிற எந்த மனிதரும் யூ ஆகலாம் என்று சொல்கிறார். யூ, வெள்ளத்தை அடக்கியதாகப் பழங்கதைகள் போற்றும் பேரரசர். சீனர்களுக்குச் சான்றோரில் சான்றோர். மனித குலம் தீயது என்று கைகழுவியவர் சொல்லும் சொல்லா இது?

சென்ற ஆண்டுத் தேர்வில் நடந்ததைச் சொல்கிறேன். பத்து மதிப்பெண் வினா: ‘மென்சியஸ், ஷுன்சி ஆகியோரின் மனித இயல்புக் கொள்கைகளை வேறுபடுத்துக.’ என் மாணவி ஒருவர் மூன்று பக்கம் எழுதியிருந்தார். வேறுபாடுகளைச் சொல்லிவிட்டு, கடைசியில் தானாகவே ஓர் இடத்துக்கு வந்திருந்தார். யாவ், ஷுன் போன்ற பேரரசர்களாக எவரும் ஆகலாம் என்பதை மென்சியஸ் ஒப்புக்கொள்கிறார். தெருவில் போகிறவரும் யூ ஆகலாம் என்கிறார் ஷுன்சி. எனவே போய்ச் சேரும் ஊர் இருவருக்கும் ஒன்று, புறப்படும் இடமும் வழியும்தான் வேறு என்று எழுதியிருந்தார். கட்டணம் கட்டி அவர் வாங்கிய விடைத்தாள் நகலை ஆசிரியர் அறையில் என் மேசைமேல் விரித்து வைத்தார். ஓரத்தில் சிவப்பு மையில் ‘வி.கு.வில் இல்லை’. வி.கு. என்றால் விடைக்குறிப்பு. மதிப்பெண் இரண்டு. “இதில் எது தவறு, மேடம்?” என்று கேட்டார். தவறு எதுவும் இல்லை. விடைக்குறிப்பு இரண்டு பத்திகள் கொண்ட ஓர் அட்டவணை. இடப்பக்கம் நல்லது, வலப்பக்கம் தீயது. அவர் எழுதியது இரண்டு பத்திகளுக்கும் நடுவில் உள்ள கோட்டின் மேல் விழுந்துவிட்டது.

என்னால் அந்த மாணவியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. காரணம், அதே திருத்தும் முகாமில் நானும் இருந்தேன். வேறு கல்லூரிகளின் விடைத்தாள் கட்டு என்னிடம் இருந்தது. அதே வினா, அதே விடைக்குறிப்பு. ஒரு நாளைக்கு இத்தனை தாள் என்ற கணக்கை முடிக்கும் அவசரத்தில் நானும் அட்டவணையைத்தான் தேடினேன். எத்தனை பேருக்கு இரண்டு போட்டேன் என்று எனக்கே தெரியாது. அதற்கும் முன்னால், வேலைக்குச் சேர்ந்த முதல் சில ஆண்டுகளில், கரும்பலகையில் அதே கோட்டை என் கையால் கிழித்து, அதே இரண்டு பத்திகளை எழுதிப்போட்டவள்தான் நான். ஆகவே இந்த மடலில் உள்ள குற்றச்சாட்டில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை ஏற்றுக்கொண்டே எழுதுகிறேன்.

‘மனித இயல்பு நல்லது’ என்ற முதல் வரிக்கு வருகிறேன்.

கிணற்றில் விழப்போகும் குழந்தையை எவர் எதிர்பாராமல் கண்டாலும் நெஞ்சு பதறும் என்பது மென்சியஸின் புகழ்பெற்ற வாதம். பெற்றோரின் நட்பு கிடைக்கும் என்பதற்காகப் பதறுவதில்லை. ஊராரின் பாராட்டுக்காக இல்லை. குழந்தையின் அலறல் காதுக்கு ஒவ்வாது என்பதற்காகவும் இல்லை. இவ்வளவையும் ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு, மிஞ்சுவது என்ன என்று கேட்கிறார். இதில் அவர் சொல்லாமல் விட்ட ஒன்றைக் கவனிக்க வேண்டும். பார்த்தவர் ஓடிப்போய்க் குழந்தையைத் தூக்கினார் என்று மென்சியஸ் எழுதவில்லை. நெஞ்சு பதறும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். அந்தப் பதற்றம் வெறும் முளை. இரக்கம், நாணம், விட்டுக்கொடுத்தல், சரி தவறு அறிதல் என நான்கு முளைகள், கைகால்கள் நான்கைப் போல எல்லாரிடமும் உண்டு என்கிறார். முளை என்று சொன்னவருக்கு அது கருகவும் கூடும் என்று தெரியாதா? சோங் நாட்டுக்காரன் ஒருவன் தன் நாற்று வளரவில்லையே என்று ஒவ்வொன்றாகப் பிடித்து மேலே இழுத்துவிட்டு வீடு திரும்பிய கதையைச் சொன்னதும் இதே மென்சியஸ்தான். மகன் ஓடிப்போய்ப் பார்த்தபோது வயல் முழுக்க வாடிக் கிடந்தது.

அதைவிட எனக்குப் பிடித்தது மாட்டு மலை. ச்சி நாட்டின் தலைநகரான லின்சியின் ஓரத்தில் இருந்த மலை அது. ஒரு காலத்தில் மரங்கள் அடர்ந்து அழகாக இருந்தது. பெரிய நகரத்துக்குப் பக்கத்தில் இருந்ததால் கோடரிகள் வந்து வெட்டிக்கொண்டு போயின. அப்போதும் இரவும் பகலும் அது மூச்சுவிட்டது. மழையும் பனியும் நனைத்தன. துளிர்கள் வராமல் இல்லை. ஆனால் மாடும் ஆடும் மேய வந்தன. அதனால் மொட்டையாகிவிட்டது. மொட்டையாக இருப்பதைப் பார்க்கிறவர்கள் இங்கே மரமே இருந்ததில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் அதுவா மலையின் இயல்பு என்று கேட்கிறார் மென்சியஸ். அடுத்து மனிதருக்கு வருகிறார். இரவின் அமைதியில் ஒவ்வொருவருக்குள்ளும் ஏதோ ஒன்று துளிர்க்கிறது. விடிந்ததும் நாம் செய்யும் காரியங்கள் அதை மேய்ந்துவிடுகின்றன. நாளுக்கு நாள் இப்படியே போனால் மனிதர் விலங்கைப் போலாகிவிடுகிறார். அவரைப் பார்க்கிறவர்கள், இவரிடம் நல்லது எதுவும் இருந்ததே இல்லை என்கிறார்கள்.

இந்தப் பத்தியை வகுப்பில் வாய்விட்டுப் படிக்க நான்கு நிமிடம் ஆகும். படித்து முடித்ததும் யாரும் உடனே பேச மாட்டார்கள். ‘மனித இயல்பு நல்லது’ என்ற வரியைப் படித்துவிட்டு ஒரு வகுப்பு அமைதியானதை நான் பார்த்ததில்லை.

மென்சியஸ் இதையெல்லாம் மரத்தடியில் உட்கார்ந்து யோசிக்கும் ஞானியாகப் பேசவில்லை என்பதும் பாடநூலில் இல்லை. நாடுகள் ஒன்றையொன்று விழுங்கிக்கொண்டிருந்த காலத்தில், கி.மு. 4ஆம் நூற்றாண்டில், அரசவை அரசவையாகப் போய்ப் பேசியவர். ச்சி அரசர் ஷுவானின் கண்ணெதிரே, புது மணிக்கு இரத்தம் பூசுவதற்காக ஒரு மாட்டை இழுத்துச் செல்கிறார்கள். அது நடுங்குவதைப் பார்க்கச் சகிக்காமல் அரசர் அதை விட்டுவிடச் சொல்கிறார். பதிலுக்கு ஓர் ஆட்டைக் கொண்டுவரச் சொல்கிறார். மாட்டுக்குப் பதில் ஆடா, அரசர் சரியான கஞ்சர் என்கிறது ஊர். மென்சியஸ் அரசரிடம், நீங்கள் மாட்டைக் கண்ணால் கண்டீர்கள், ஆட்டைக் காணவில்லை, அவ்வளவுதான் என்கிறார். பிறகு பிடியை இறுக்குகிறார். உங்கள் இரக்கம் ஒரு விலங்குவரை எட்டுகிறது, உங்கள் குடிகளை எட்டவில்லையே, ஏன்? நிலையான பிழைப்பு இல்லாத மக்களுக்கு நிலையான மனம் இருக்காது. அவர்களைக் குற்றத்தில் விழவிட்டுப் பிறகு தண்டிப்பது மக்களுக்கு வலை விரிப்பதற்குச் சமம் என்கிறார். வீட்டைச் சுற்றி முசுக்கொட்டை நடுங்கள், ஐம்பது வயதானவர் பட்டு உடுத்தட்டும் என்று திட்டமே போட்டுத் தருகிறார். நல்ல ஆண்டில் இளைஞர்கள் ஒழுங்காக இருப்பதும் பஞ்ச ஆண்டில் முரடராவதும் பிறவியில் வந்த வேற்றுமையால் ஆகாது என்று வேறோர் இடத்தில் சொல்கிறார். மனித இயல்பு பற்றிய கேள்வி அவருக்கு வரியும் தண்டனையும் சம்பந்தப்பட்ட கேள்வி. நாம் அதை ஒரு மதிப்பெண் வினாவாக்கி, நான்கு பெயர்களைக் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறோம்.

இன்னொன்று. பாடநூலில் காவ்சி என்ற பெயரே கிடையாது. மென்சியஸின் ஆறாம் நூல் (அவர் பெயரில் உள்ள தொகுப்பின் ஆறாம் பகுதி) தொடங்குவதே காவ்சியோடு நடந்த வாக்குவாதத்தில்தான். இயல்பு என்பது ஒரு வகை வில்லோ மரம், ஒழுக்கம் அதிலிருந்து செய்த கிண்ணம் என்கிறார் காவ்சி. மரத்தின் இயல்பை ஒட்டிக் கிண்ணம் செய்கிறீர்களா, அதைச் சிதைத்துச் செய்கிறீர்களா, சிதைத்துத்தான் என்றால் மனிதரையும் சிதைத்துத்தான் நல்லவராக்க வேண்டுமா என்று திருப்புகிறார் மென்சியஸ். சுழலும் நீர் கிழக்கே வெட்டிவிட்டால் கிழக்கே ஓடும், மேற்கே வெட்டிவிட்டால் மேற்கே ஓடும், இயல்புக்கும் நன்மை தீமை என்ற திசை கிடையாது என்கிறார் காவ்சி. கிழக்கு மேற்கு இல்லாமல் இருக்கலாம், மேடு பள்ளமும் இல்லையா என்கிறார் மென்சியஸ். காவ்சியை எடுத்துவிட்டால் மென்சியஸ் காலி நாற்காலியைப் பார்த்து வாதாடிக்கொண்டிருக்கிறார். (நேர்மையாகச் சொன்னால், நீர் வாதத்தில் காவ்சி தோற்றுவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. எழுதி வைத்தது மென்சியஸின் தரப்பு. கடைசிப் பேச்சு அவருடையதாக இருப்பதில் வியப்பில்லை.)

வில்லோ மரத்தை எங்கள் மாணவர்கள் பார்த்ததில்லை. அதனால் ஓர் ஆண்டு வீட்டிலிருந்து முறத்தை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன். பழைய முறம், ஓரத்தில் சாணம் மெழுகிய தடம்கூட இருந்தது. இதைப் பின்னியவர் மூங்கிலின் இயல்பை ஒட்டிப் பின்னினாரா, மீறிப் பின்னினாரா? வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. வளைவதே மூங்கிலின் இயல்புதான் என்றது ஒரு கூட்டம். பிளக்காமல், சீவாமல் மூங்கில் தானாக முறமாகுமா என்றது இன்னொன்று. அதுவரை பேசாமல் இருந்த ஒரு மாணவர் எழுந்தார். அவருடைய பாட்டி கூடை பின்னுகிறவர். “பச்சை மூங்கிலாக இருந்தால் சொன்னபடி கேட்கும், மேடம். காய்ந்துவிட்டால் ஊறப்போட்டாலும் கணுவில் ஒடியும். அதனால் மூங்கில் மட்டும் கணக்கில்லை, எப்போது கை வைக்கிறோம் என்பதும் கணக்கு” என்றார். மென்சியஸும் காவ்சியும் தொடாத இடம் அது. அந்த வாக்குவாதத்துக்கே ஒன்றரை மணி நேரம் போயிற்று. உங்கள் புதிய கணக்கில் மிச்சம் அரை மணி நேரம்.

உவமைகளை நான் இவ்வளவு பிடித்துக்கொண்டு தொங்குவதற்குக் காரணம் உண்டு. இந்தச் சீனர்கள் ஒருவருக்கொருவர் பதில் சொன்னதே உவமைகளால்தான். ஷுன்சி குயவரைக் காட்டுகிறார்: களிமண்ணைப் பிசைந்து பாண்டம் செய்கிறார், பாண்டம் குயவரின் செயலில் பிறந்தது, அவருடைய பிறவி இயல்பில் பிறக்கவில்லை. தாவோ மரபின் அறிஞர் சுவாங்சியின் பெயரில் உள்ள நூலில், குதிரைக் குளம்பு என்ற இயலில், அதே போன்ற குயவர் வருகிறார். களிமண்ணை நான் வட்டமாக்குவேன், சதுரமாக்குவேன் என்று பெருமை பேசுகிறார். வட்டமாகவும் சதுரமாகவும் வேண்டும் என்று களிமண் கேட்டதா என்கிறது நூல். கூடவே போ லே என்ற புகழ்பெற்ற குதிரைப் பயிற்சியாளர். சூடு போட்டு, மயிர் கத்தரித்து, கடிவாளம் பூட்டி, பட்டினி போட்டுப் பழக்குகிறார்; முடிவதற்குள் குதிரைகளில் பாதிக்கு மேல் செத்துவிடுகின்றன. இன்னொரு பண்டைய சீன அறிஞரான மோசியின் புத்தகம் சாயத் தொட்டிக்கு முன்னால் நிற்கிறது: பட்டு நூலை நீலத்தில் நனைத்தால் நீலம், மஞ்சளில் நனைத்தால் மஞ்சள். ஹான் வம்சக் காலத்து அறிஞர் தொங் சோங்ஷு நெல்லுக்கு வருகிறார்: அரிசி பயிரிலிருந்துதான் வருகிறது, ஆனால் பயிர் முழுவதையும் அரிசி என்று சொல்ல முடியாது, நன்மைக்கும் இயல்புக்கும் உள்ள உறவு அதுதான் என்கிறார். மரம், மண், நீர், நூல், பயிர். இவற்றைப் பிடுங்கிவிட்டு ‘நல்லது’, ‘தீயது’ என்ற இரண்டு முத்திரைகளை மட்டும் மாணவர் கையில் கொடுப்பதற்கு வகுப்பு எதற்கு, ஆசிரியர் எதற்கு?

‘இரண்டு கருத்துகள்’ என்ற உங்கள் எண்ணிக்கையும் பண்டைய சீனர்களுக்கே பொருந்தாது. மென்சியஸின் நூலிலேயே கோங்டுசி என்ற மாணவர், இயல்பு நல்லதுமில்லை கெட்டதுமில்லை என்பவர்கள், இரண்டாகவும் ஆகக்கூடியது என்பவர்கள், சிலருக்கு நல்லது சிலருக்குக் கெட்டது என்பவர்கள் என்று மூன்று தரப்புகளை அடுக்கிவிட்டு, இவர்கள் எல்லாருமே தவறா என்று ஆசிரியரிடம் கேட்கிறார். 1993இல் ஹூபெய் மாநிலத்தில் குவோதியான் என்ற இடத்தில், சுமார் கி.மு. 300ஐச் சேர்ந்த கல்லறையிலிருந்து மூங்கில் ஏடுகள் கிடைத்தன. அவற்றில் 67 ஏடுகளில் உள்ள ஒரு நூலை ஆய்வாளர்கள் ‘இயல்பு ஆணையிலிருந்து வருகிறது’ என்ற அதன் வரியாலேயே அழைக்கிறார்கள். நான்கு கடல்களுக்கு உட்பட்ட எல்லாருக்கும் இயல்பு ஒன்றே, மனத்தைப் பயன்படுத்துவதில் வேறுபடுவது கற்பித்தலால் வருவது என்கிறது அது. மனத்துக்கு நிலையான திசை இல்லை, பொருள்களைச் சந்தித்துத்தான் அது எழுகிறது, பழக்கத்தில்தான் நிலைகொள்கிறது என்றும் சொல்கிறது. இந்த நூல் மென்சியஸின் கட்சியும் அல்ல, ஷுன்சியின் கட்சியும் அல்ல. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் மண்ணுக்கடியில் கிடந்து வெளியே வந்தது, 1998இல் அச்சிலும் வந்துவிட்டது. நம் பாடநூலுக்குள் மட்டும் இன்னும் வரவில்லை.

‘கன்பூசியஸும் மனித இயல்பு நல்லது என்றே கருதினார்’ என்று பாடநூலின் அடுத்த பக்கத்தில் இருக்கும் வாக்கியமும் ஆதாரமற்றது. இயல்பால் நெருங்கியிருக்கிறார்கள், பழக்கத்தால் விலகிப்போகிறார்கள் என்ற ஒரு வாக்கியம்தான் அவருடைய பேச்சுகளின் தொகுப்பான உரைக்கோவையில் அவர் பெயரில் இருக்கிறது. இயல்பைப் பற்றி ஆசிரியர் பேசக் கேட்க முடிந்ததில்லை என்று அவருடைய மாணவர் சிகோங்கே சொல்கிறார். பிழை எங்கிருந்து வந்திருக்கும் என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு. சீனக் குழந்தைகள் பல நூற்றாண்டுகள் மனப்பாடம் செய்த ‘மூவெழுத்து நூல்’ மென்சியஸின் கருத்தையும் கன்பூசியஸின் வாக்கியத்தையும் முதல் இரண்டு அடிகளில் அடுத்தடுத்து வைத்திருக்கிறது. ஒன்றாக மனப்பாடம் செய்தவை ஒன்றாகவே ஒட்டிக்கொண்டன.

சீனாவிலும் இந்த விவாதம் இயல்பாகச் சுருங்கவில்லை, சுருக்கினார்கள். ஷுன்சியின் பெயர்ப்பலகையைக் கன்பூசியஸ் கோயிலில் 1084இல் வைத்தார்கள், 1530இல் எடுத்துவிட்டார்கள். மென்சியஸ் வென்றார் என்று நினைக்க வேண்டாம், அவரும் தப்பவில்லை. மிங் வம்சத்தை நிறுவிய பேரரசருக்கு, மக்களே முதன்மை, அரசர் கடைசி என்ற பாணியில் மென்சியஸ் பேசியவை பிடிக்கவில்லை. 1394இல் 85 பகுதிகளை வெட்டிய ஒரு சுருக்கப் பதிப்பு வந்தது. வெட்டியவற்றிலிருந்து தேர்வில் வினா கேட்கக் கூடாது என்ற விதியும் வந்தது. பின்னாளில் முழு நூல் திரும்பிவிட்டது. உங்களுக்கு மென்சியஸ் மீது அப்படி எந்தக் கோபமும் இல்லை, நேரம் போதவில்லை என்பதுதான் சிக்கல் என்று அறிவேன். அதனால்தான் பேசித் தீர்க்கலாம் என்று நம்பி எழுதுகிறேன்.

போட்டித் தேர்வுகளுக்கு இது பயன்படாது என்று துறைக் கூட்டத்தில் ஒருவர் சொன்னார். அந்த அளவுகோலை எடுத்தால் தத்துவப் பட்டப்படிப்பையே மூட வேண்டியிருக்கும். அதைப் பற்றி வேறு மடல் எழுதலாம். சீன மொழி அறிந்த ஆசிரியர்கள் இல்லை என்ற தடை உண்மையானது. ஆனால் கிரேக்கம் தெரியாமல் பிளேட்டோவுக்கு 30 மணி நேரம் நடத்துகிறோம்.

நான் கேட்பவை இவை. புதிய பதிப்பு அச்சுக்குப் போகும் முன் ‘போலி’ என்ற சொல்லை நீக்கி, ‘செயற்கை’ என்று மாற்றி, ஷுன்சி தாமே கொடுத்த வரையறையை அதன் கீழே அச்சிடுங்கள். கன்பூசியஸ் பற்றிய வாக்கியத்தை எடுத்துவிடுங்கள். இதற்குக் குழுவின் கூட்டம்கூடத் தேவையில்லை, ஒரு பிழைதிருத்தப் பட்டியல் போதும்.

12 மணி நேரத்தையும் திருப்பிக் கேட்கவில்லை. 8 கொடுங்கள். அதே தாளில் அரச வம்சங்களின் பெயர்களுக்கும் ஆண்டுகளுக்கும் 6 மணி நேரம் ஒதுக்கியிருக்கிறீர்கள். அதில் வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். அந்த 8 மணி நேரத்தில் காவ்சியோடு நடந்த வாதம், மாட்டு மலை, ஷுன்சியின் 23ஆம் இயலில் சில பக்கங்கள், குதிரைக் குளம்பு ஆகியவற்றை மூல வாசிப்பாக வையுங்கள். பல ஆங்கில மொழிபெயர்ப்புகளை ஒப்பிட்டு நான் வகுப்புக்காகத் தமிழில் செய்துவைத்த பகுதிகள் 40 பக்கம் இருக்கின்றன. இலவசமாகத் தருகிறேன். ஒரே நிபந்தனை, சீனம் படித்த ஒருவரிடம் கொடுத்துச் சரிபார்த்த பிறகே அவற்றை அச்சிட வேண்டும். இன்னொரு ‘போலி’க்கு நான் காரணமாக விரும்பவில்லை.

விடைக்குறிப்பிலிருந்து அந்த இரண்டு பத்தி அட்டவணையை எடுத்துவிடுங்கள். மூல நூலை ஆதாரம் காட்டி எழுதும் விடைக்கு, குறிப்பில் இல்லாவிட்டாலும் முழு மதிப்பெண் தரலாம் என்று திருத்துவோருக்கான அறிவுரையில் எழுத்துப்பூர்வமாகச் சேருங்கள். அடுத்த கூட்டத்துக்கு இந்தத் தாளை நடத்தும் கல்லூரி ஆசிரியர்களில் இருவரையாவது அழையுங்கள். நான் வர வேண்டும் என்றுகூட இல்லை.

கடைசியாக, அந்த மாணவி. இப்போது மூன்றாம் ஆண்டில் இருக்கிறார். மறுமதிப்பீட்டுக்கான காலக்கெடு முடிந்துவிட்டது என்று அவருக்குப் பதில் வந்திருக்கிறது. விதிவிலக்குப் பரிந்துரைக்கும் அதிகாரம் உங்கள் குழுவுக்கு உண்டு. அதைப் பயன்படுத்தி அவருடைய விடைத்தாளை வரவழையுங்கள். மென்சியஸின் ஆறாம் நூலையும் ஷுன்சியின் 23ஆம் இயலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, விடைக்குறிப்பைத் தள்ளிவைத்துவிட்டு, அந்த மூன்று பக்கங்களையும் உங்களில் ஒருவர் படித்து மதிப்பெண் போடுங்கள்.

இப்படிக்கு,
‘கீழை மெய்யியல்’ தாளை 19 ஆண்டுகளாக நடத்திவரும் ஆசிரியை